ஏற்காட்டுப் பனிக்கும் ஆலிப் பனிக்கும் கிட்டாரை எடுத்துப் போகலாமா?

சேலத்திலிருந்து ஐந்து நண்பர்கள். டிசம்பர் கடைசியில் ஏற்காட்டில் மூன்று ராத்திரி, ஜனவரி கடைசியில் உத்தராகண்டின் ஆலியில் ஒரு வாரம் பனிச்சறுக்குப் பயிற்சி. உங்களிடம் அப்பா வாங்கித் தந்த கிட்டார், நண்பரிடம் ஒரு புல்லாங்குழல். "குளிரில் கிட்டார் விரிசல் விடுமா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன மற்ற விவரங்களைப் படித்தால், உண்மையில் கேட்பது வேறு என்று தெரிகிறது. ராத்திரி எல்லாரும் சுற்றி உட்காரும்போது கையில் கிட்டார் இருக்க வேண்டும், அது கெட்டுப்போனால் அப்பா முகத்தில் முழிக்க முடியாது, இரண்டுக்கும் நடுவில் என்ன வழி என்பதுதான் கேள்வி. சேலத்தில் 22 வருடமாக கிட்டார் பழுது பார்க்கிறேன், அக்கா வீடு ஏற்காட்டில் இருக்கிறது, பனிச்சறுக்குக்காக ஒரே ஒரு முறை காஷ்மீரின் குல்மார்க் போய் வந்திருக்கிறேன். முதல் இரண்டிலிருந்து தைரியமாகப் பேசுவேன். மூன்றாவது ஒரு வார அனுபவம்தான், அதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிச்சயமாகத் தெரிந்தது. குளிர் மட்டும் கிட்டாரை ஒன்றும் செய்வதில்லை. மரத்துக்கு 12 டிகிரியும் ஒன்றுதான், 25 டிகிரியும் ஒன்றுதான். மரத்தைப் படுத்துவது காற்றில் இருக்கும் ஈரம். ஐப்பசி மழையில் வீட்டுக் கதவு இறுக்கிக்கொண்டு சாத்த வராமல் அடம்பிடிக்கிறதே, பங்குனி வெயிலில் அதே கதவு இடைவெளி விட்டு ஆடுகிறதே, கிட்டாரிலும் அதேதான் நடக்கிறது. கதவு அரை அங்குலத்துக்கு மேல் தடிமன். கிட்டாரின் மேல்பலகை இரண்டரை, மூன்று மில்லிமீட்டர்தான். அதன் மேல் ஆறு தந்தியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு ஆள் தொங்குகிற எடை. மரம் நீளவாக்கில் அசைவதே இல்லை என்று சொல்லலாம், அகலவாக்கில்தான் ஊதும், சுருங்கும். 40 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகை நன்றாகக் காய்ந்தால் சில மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். உள்ளே குறுக்கே ஒட்டியிருக்கும் கட்டைகள் சுருங்க விடாது. இழுபறியில் பலகைதான் தோற்கும். விரிசல் என்பது அதுதான்.

இங்கேதான் நம்ம மொழி கொஞ்சம் குழப்புகிறது. ஏற்காட்டில் விழுவதும் பனி, ஆலியில் விழுவதும் பனி. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று நம் ஊரில் சொல்வது துணியை நனைக்கிற, இலையில் சொட்டுகிற பனி. அது ஈரம். இமயமலையில் கொட்டிக் கிடப்பது உறைந்த பனி, அதன் மேல் நிற்கும் காற்றில் ஈரம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. கிட்டாரைப் பொறுத்தவரை இந்த இரண்டு பயணமும் நேர் எதிர் திசைகள். ஒன்றில் ஊறும், மற்றதில் காயும்.

கணக்கு எளிது. 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. மைனஸ் 5-இல் இன்னும் குறைவு, சுமார் 3 கிராம். ஆலியில் ராத்திரி வெளியே இருக்கும் அந்த 3 கிராம் காற்றுதான் ஜன்னல் இடுக்கு வழியாக அறைக்குள் வருகிறது. ஹீட்டர் போட்டு 20 டிகிரிக்கு ஏற்றுகிறீர்கள். 17 தாங்கக்கூடிய காற்றில் 3 இருக்கிறது. அதாவது ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே. கிட்டார்கள் பொதுவாக 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் இருக்கும்படி செய்யப்படுகின்றன. சேலத்து சித்திரை வெயிலில்கூட ராத்திரியும் பகலும் தொடர்ந்து 20-இல் நிற்பது கிடையாது. உதடு வெடிக்கிறது, மூக்கு எரிகிறது என்று அங்கே போனவர்கள் சொல்வதற்கும் காரணம் இதுதான்.

ஏற்காட்டில் இதற்கு நேர்மாறு. சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேல். கோரிமேடு தாண்டி அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் எட்டு டிகிரி குறைந்துவிடும். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையின் வாலும் இருக்கும். மூடுபனி இறங்கினால் ஏரிக்கரையில் எதிரே வருகிறவர் முகம் தெரியாது. வீடுகளில் ஹீட்டர் கிடையாது, வெளிக்காற்றுதான் உள்காற்று. அக்கா வீட்டு முன்னறையில் நான் வைத்திருக்கும் ஈரமானி மார்கழி ராத்திரிகளில் 85-க்குக் கீழே இறங்கி நான் பார்த்தது அபூர்வம். ஆனால் வேடிக்கை ஒன்று உண்டு. 12 டிகிரியில் 90 சதவீத ஈரத்தோடு இருக்கும் அதே காற்றை 25 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் சுமார் 40-க்கு வந்துவிடும், கிட்டாருக்குத் தோதான அளவுக்குப் பக்கத்தில். ஏற்காட்டில் யாராவது அறைக்கு ஹீட்டர் வைத்தால் மனிதர்களைவிட கிட்டாருக்குத்தான் உபகாரம்.

மூன்று நாள் ஈரத்தில் என்ன ஆகும்? ஒன்றும் உடையாது. மேல்பலகை லேசாகத் தொப்பை போடும், தந்தி ஃப்ரெட்டிலிருந்து (விரல்பலகையில் குறுக்கே பதித்த கம்பி) கொஞ்சம் உயரும், ஒரே விரலால் எல்லாத் தந்தியையும் அழுத்தும் பார் கார்டு பிடிக்க விரல் வலிக்கும், நாதம் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல மந்தமாக இருக்கும். சேலம் திரும்பிச் சில நாளில் தானே சரியாகும். மரம் ஈரம் குடிக்க அவசரப்படாது. பெட்டிக்குள் மூடி வைத்திருந்தால் மூன்று நாளில் அதற்குச் செய்தியே போய்ச் சேராது. எஸ்டேட்டில் பாருங்கள், நீங்கள் போகும் நேரம் காபிப் பழம் பறிக்கும் காலம். களத்தில் பகலெல்லாம் கொட்டையைப் பரப்பிக் காயவைத்துவிட்டு, சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். பகலில் விட்ட ஈரத்தை ராத்திரிப் பனியில் திரும்ப இழுத்துக்கொள்ளும் என்பதற்காக. கிட்டாருக்கும் அந்த ஒரே வேலைதான். வாசித்து முடித்ததும் பெட்டியில் வைத்து மூடுங்கள். கட்டில் ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். சிலிக்கா ஜெல் பாக்கெட் போடச் சொல்வார்கள், மூன்று நாளுக்குத் தேவையில்லை. போட்டுவிட்டு ஊர் திரும்பியதும் எடுக்க மறந்து, ஆறு மாதம் கழித்து வறண்ட கிட்டாரோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

ஏற்காட்டில் நான் பயப்படுவது கேம்ப் ஃபயருக்குத்தான். பறை வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாசிக்கும் முன் வைக்கோல் கொளுத்தி, தோலைத் தீயில் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்துச் சுதி ஏற்றுவார்கள். பறைக்கு அது உயிர். அதே தீக்கு முன்னால் கிட்டார்க்காரரை உட்கார வைத்தால் மேல்பலகை ஒருபக்கமாகச் சூடேறுகிறது, பின்பலகை பனியில் குளிர்கிறது. அரை மணியில் பலகையைத் தொட்டுப் பாருங்கள், சுடும். உள்ளே இருக்கும் குறுக்குக் கட்டைகளையும், தந்திகள் மாட்டியிருக்கும் பிரிட்ஜையும் ஒட்டியிருக்கும் பசை சூட்டில் இளகக்கூடியது. ஏழெட்டு அடி தள்ளி, முடிந்தால் நெருப்புக்குப் பக்கவாட்டாக உட்காருங்கள். இன்னொரு காரணமும் உண்டு, இது கெடுவதைப் பற்றியதல்ல. திறந்த வெளியில் கிட்டார் சன்னமாகக் கேட்கும், திருப்பி அனுப்பச் சுவர் இல்லையே. முதுகுக்குப் பின்னால் வீட்டுச் சுவரோ திண்ணையோ இருக்கும்படி உட்கார்ந்தால் பாதி பலம் கூடும். அப்புறம், இருட்டிய பிறகு பாட்டு வேகத்தில் எஸ்டேட் பாதையில் நடக்கப் போகாதீர்கள். காட்டுமாடு நடமாடும் ஊர் அது, அதற்கு இசை பிடிக்குமா என்று சோதிக்க வேண்டாம்.

போகும் வழியில் அஸ்தம்பட்டியிலோ ஐந்து ரோட்டிலோ தட்டுவடை செட் சாப்பிட காரை வெயிலில் நிறுத்தினால் கிட்டாரை உள்ளே விட்டுவிட்டு இறங்காதீர்கள். டிசம்பர்தானே என்று நினைப்பீர்கள். இத்தனை வருடத்தில் பிரிட்ஜ் பிய்ந்துகொண்டு வந்த கிட்டார்களில் பெரும்பாலானவை மலையில் கெட்டவை அல்ல, மூடிய காருக்குள் வெந்தவை.

சுருதி பற்றி. மேலே போனதும் ஆறு தந்தியும் கூடியிருக்கும். இரும்புத் தந்தி குளிரில் சுருங்குகிறது, இழுவை கூடுகிறது. 10 டிகிரி குறைந்தால் மிக மெல்லிய தந்தி அரைச் சுரத்தில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு ஏறும், தடித்தவை இன்னும் கூட. தந்தி ஒரு நிமிடத்தில் குளிர்ந்துவிடும், மரம் மெதுவாகத்தான் குளிரும். பெட்டியைத் திறந்த உடனே சுருதி சேர்த்தால் பத்து நிமிடத்தில் மறுபடி கலையும். இருபது நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டுச் சேருங்கள். உங்கள் நண்பரின் புல்லாங்குழலோ எதிர்த்திசையில் போகும். குழலின் சுருதியை நிர்ணயிப்பது உள்ளே இருக்கும் காற்றில் ஒலி ஓடும் வேகம். 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர், 5 டிகிரியில் 334. குழல் முழுக்கக் குளிர்ந்திருந்தால் ஏறக்குறைய அரைச் சுரத்தில் பாதி இறங்கிவிடும். நீங்கள் ஏற, அவர் இறங்க, "யார் தப்பு" என்று சண்டை வரும். இரண்டு பேரும் சரி. அவர் ஐந்து நிமிடம் ஊதிக் குழலைச் சூடாக்கட்டும், அதன் பிறகு குழலைக் கேட்டு நீங்கள் சேருங்கள். மூங்கிலைத் திருகிச் சரிசெய்ய முடியாது, தந்தியை முடியும். சுருதி காட்டும் ட்யூனரை அன்றைக்குப் பையிலேயே வைத்துவிடலாம்.

இனி ஆலி. என் சொந்தக் கதையைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். குல்மார்க்குக்கு நாங்கள் நாலு பேர் போனோம், பிப்ரவரி மாதம். அறையில் புகாரி என்று ஒரு தகர அடுப்பு, விறகு போட்டால் அரை மணியில் பனியனோடு உட்காரலாம். நண்பனின் கிட்டார், பிளைவுட் அல்லாத முழு ஸ்ப்ரூஸ் மரப்பலகை, அடுப்பிலிருந்து ஆறடி தள்ளி சுவரில் சாய்ந்திருந்தது. மூன்றாம் நாள் ஃப்ரெட்டின் கம்பி முனைகள் உள்ளங்கையில் கீறின. கம்பி வளரவில்லை, மரம் சுருங்கி முனை வெளியே தெரிகிறது. அது எச்சரிக்கை மணி, எனக்கு அது தெரியும், ஊரில் தினமும் மற்றவர்களுக்குச் சொல்கிறவன் நான். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று விட்டேன். ஐந்தாம் நாள் காலை விரல்பலகையை ஒட்டி ஒரு சாண் நீளத்துக்குக் கோடு. ஊருக்கு வந்து நானே ஒட்டிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அதே அறையில் எங்களுக்குச் சமைத்த பெரியவர் தினமும் அடுப்பின் மேல் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார், நாங்கள் டீக்கு என்று நினைத்து எடுத்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே ஆலியில் செய்ய வேண்டியது: அறையில் தண்ணீர் ஆவியாகட்டும். துவைத்த துண்டுகளை அறைக்குள்ளேயே காயப்போடுங்கள், வாளியில் வெந்நீர் வையுங்கள். ஓட்டை போட்ட சோப்பு டப்பாவுக்குள் நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்ச் ஒன்றை வைத்துப் பெட்டியில் தலைப்பக்கம் போட்டுவிடுங்கள், சொட்டக் கூடாது. 49 சதவீதத்தில் ஈரத்தைத் தக்கவைக்கும் பாக்கெட்டுகளும் கடையில் கிடைக்கின்றன, வசதி இருந்தால் அதுவே நல்லது. சின்ன டிஜிட்டல் ஈரமானி சில நூறு ரூபாய்தான். வெளியிலிருந்து வந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த சோடா பாட்டிலில் வேர்க்கிறதே, நாலு பேர் மூச்சுவிடும் அறையில் உறைந்த கிட்டாரைத் திறந்தாலும் அப்படி வேர்க்கும். இரண்டு மூன்று மணி நேரம் மூடியபடியே அறையில் கிடக்கட்டும்.

சந்தேகத்துக்கு இடமானவற்றையும் சொல்லிவிடுகிறேன். சட்டென்று சூடு மாறினால் மேல்பூச்சில் கண்ணாடி உடைந்தது போல் மயிர்க்கோடுகள் விழும் என்பார்கள். நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) பூச்சு உள்ள பழைய, விலையுயர்ந்த கிட்டார்களில் விழும், பார்த்திருக்கிறேன். இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான கிட்டார்களின் பாலி (பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர்) பூச்சில் அப்படி விழுந்து நான் பார்த்ததில்லை. விமானத்தில் அனுப்பும்போது தந்தியைத் தளர்த்த வேண்டுமா என்பதில் தொழில்காரர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. முழுக்கத் தளர்த்தினால் கிட்டாரின் கழுத்து பின்னால் வளையும் என்பது ஒரு கட்சி. நான் ஒரு சுரம் இறக்கி அனுப்புவேன். அதனால் காப்பாற்றப்பட்டதா, அதிர்ஷ்டமா என்று நிரூபிக்க என்னிடம் வழியில்லை. நிச்சயமானது இது: துணிப்பையில் போட்டு லக்கேஜில் கொடுத்தால் தலைப்பகுதி உடைய வாய்ப்புண்டு, கெட்டிப் பெட்டி வேண்டும். ரயில் பிடிக்கும் என்றால் கேரளா எக்ஸ்பிரஸில் சேலத்திலேயே ஏறி டெல்லியில் இறங்கலாம். இரண்டு நாள் கிட்டார் உங்கள் பக்கத்திலேயே படுத்திருக்கும்.

ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் சுமார் 250 கிலோமீட்டர், மலைப்பாதையில் ஒரு முழுப் பகல். அங்கிருந்து ஆலிக்கு ரோப்வேயை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் தரை உள்வாங்கி வீடுகள் விரிசல் விட்டபோது அதை நிறுத்திவிட்டார்கள். சாலையில் ஜீப்தான், பனி கொட்டினால் கடைசித் தூரம் நடை. முதுகில் பை, கையில் கனத்த பூட்ஸ், இன்னொரு கையில் கிட்டார் பெட்டி என்று கற்பனை செய்து பாருங்கள்.

கிட்டார் வாசிப்பவர் பனிச்சறுக்கு கற்பதில் எனக்கு உள்ள ஒரே கவலை கட்டைவிரல். கையில் ஊன்றுகோலைப் பிடித்தபடியே விழுந்தால், கோல் உள்ளங்கைக்கும் தரைக்கும் நடுவில் மாட்டி, கட்டைவிரலை வெளிப்பக்கமாகப் பிய்ப்பது போல் வளைக்கும். அடிமூட்டில் உள்ள தசைநார் கிழியும். இந்தக் காயத்துக்குப் பனிச்சறுக்குக்காரர் கட்டைவிரல் என்றே பெயர். முதல் இரண்டு நாள் சறுக்குப் பலகைகளின் முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, மெதுவாக இறங்கி நிற்கத்தான் சொல்லித் தருவார்கள். அந்த இரண்டு நாளில்தான் நிறைய விழுவீர்கள். விழப்போகிறோம் என்று தெரிந்ததும் கோலை விட்டுவிடுவதைப் பயிற்றுநரிடம் முதல் நாளே கேட்டுப் பழகுங்கள். விழுந்து கட்டைவிரல் அடியில் வீங்கி, பொருளைக் கிள்ளிப் பிடிக்க முடியாமல் போனால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். நான் மரத்துக்கு வைத்தியம் பார்ப்பவன், இதற்கு மேல் சொல்லக் கூடாது.

என் யோசனை இது. ஏற்காட்டுக்கு அப்பாவின் கிட்டாரை எடுத்துப் போங்கள், அது அங்கே வாசிக்கப்பட வேண்டியதுதான். ஆலிக்கு அதை விட்டுவிட்டு, நாலைந்தாயிரம் ரூபாய்க்குப் பழைய பிளைவுட் கிட்டார் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கொல்கத்தாவில் செய்த கிவ்சன் ஒன்று கிடைத்தாலும் போதும். பிளைவுட்டில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருப்பதால் வறட்சிக்கு அவ்வளவாக அசையாது. நாதம் கொஞ்சம் மட்டம்தான், ஆனால் அங்கே அது தெரியாது. புதுப்பனி பஞ்சு மாதிரி ஒலியைக் குடித்துவிடும், வெளியே வாசித்தால் நல்ல கிட்டாரும் மட்டமாகத்தான் கேட்கும். பகல் முழுக்க 3,000 மீட்டர் உயரத்தில் விழுந்து எழுந்துவிட்டு வந்தால், சூடான டம்ளரைப் பிடித்து விரல் நெகிழவே கால் மணி ஆகும். குல்மார்க்கில் நாங்கள் போட்டிருந்த பாட்டுப் பட்டியலில் 40 பாட்டு. ஒரு ராத்திரிகூட ஆறைத் தாண்டவில்லை, ஏழாவதில் யாராவது குறட்டை.

கடைசியாக ஒன்று. இரண்டு பயணத்தில் எது முடிந்து வந்தாலும், தந்தி உயர்ந்துவிட்டது, இறங்கிவிட்டது என்று வந்த அன்றே ட்ரஸ் ராடை (கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் இருக்கும் கம்பி) திருகாதீர்கள். பெட்டியில் ஒரு வாரம் சேலத்துக் காற்றுக்குப் பழகட்டும். அதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் மட்டும் யாரிடமாவது கொண்டுபோய்க் காட்டுங்கள்.